பாதி கடை வாடகைக்கு எடுக்கிறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சம்பளத்தோட சேர்த்து சின்னதா ஒரு தொழில் ஆரம்பிக்கறது பத்தி போன வீடியோவுல பேசினோம். அதுக்குக் கீழ நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "முழு கடை எடுக்க வசதி இல்லை. தெரிஞ்ச அண்ணன் அவர் கடையில பாதி இடம் தர்றேன்றார். எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனா எப்படி எடுக்கறீங்கன்றதுலதான் எல்லாமே இருக்கு. வீடியோவுல பத்து நிமிஷத்துல சொல்ல முடியாத விஷயம் இது. அதனால இங்க முழுசா எழுதறேன். ஒரு டீ போட்டுக்கிட்டு பொறுமையா படிங்க.

முதல்ல என் வீட்டுக் கதை. என் பெரியப்பா பையன் ஒருத்தர் ராசிபுரத்துல ஒரு கடையில பாதி இடம் எடுத்தார். மொபைல் சர்வீஸ் கவுண்டர். முன்பாதியில ஸ்டேஷனரி, ஜெராக்ஸ். அட்வான்ஸ் 75,000 ரூபாய். அதை வாங்கினது கட்டட ஓனர் இல்லை, ஜெராக்ஸ் கடைக்காரர். பேப்பர் எதுவும் இல்லை, "நமக்குள்ள என்னங்க பேப்பர்" அவ்வளவுதான். மாசாமாசம் வாடகையை கையில கொடுத்தார். எட்டு மாசம் நல்லா போச்சு. ஒன்பதாவது மாசம் ஒரு நாள் காலையில போனா ஷட்டர்ல ரெண்டு பூட்டு. ஜெராக்ஸ் கடைக்காரர் நாலு மாசமா ஓனருக்கு வாடகையே கட்டலை. ஓனர் கேட்ட ஒரே கேள்வி: "நீங்க யாருங்க? நான் உங்களுக்கு கடை கொடுக்கவே இல்லையே!"

உள்ளே ரிப்பேருக்கு வந்த பதினோரு போன். எல்லாம் அடுத்தவங்க போன். அண்ணன் அழாத குறை. போனை எல்லாம் ரெண்டு நாள்ல எடுத்துட்டார். 75,000 மட்டும் இன்னைக்கு வரைக்கும் வரலை.

இதுல யார்மேல தப்புன்னு ஆராயறது நம்ம வேலை இல்லை. எந்தெந்த இடத்துல ஒரு காகிதம் இருந்திருந்தா அந்தப் பணம் தப்பிச்சிருக்கும்? அதைத்தான் பார்க்கப் போறோம்.

"பாதி கடை"ன்னா சட்டத்துல என்ன?

நம்ம பேச்சுல எல்லாமே "வாடகை"தான். சட்டத்துல அப்படி இல்லை. ஒரே இடத்தை ரெண்டு தொழில் பங்கு போட்டுக்கறதுக்கு நாலு வழி இருக்கு.

1. ரெண்டு பேரும் நேரா ஓனர்கிட்ட எடுக்கறது. ஒரே ஒப்பந்தத்துல ரெண்டு பேரும் கையெழுத்து போடலாம். இல்லைன்னா ஆளுக்கு ஒரு பகுதின்னு தனித்தனி ஒப்பந்தம் போடலாம்.

2. உள்வாடகை. கடைக்காரர் ஓனர்கிட்ட வாடகைக்கு எடுத்திருக்கார். அதுல ஒரு பகுதியை தடுப்பு வெச்சு, தனிக் கதவு, தனிச் சாவியோட உங்களுக்கு விடறார்.

3. லைசென்ஸ், அதாவது பயன்படுத்த அனுமதி. கடை அவருடையதுதான், சாவி அவர்கிட்டதான். நீங்க ஒரு மூலையில கவுண்டர் போட்டுக்கறீங்க, அவர் திறக்கும்போது வர்றீங்க, மூடும்போது கிளம்பறீங்க. மளிகைக் கடைக்குள்ள ரீசார்ஜ் கவுண்டர், பியூட்டி பார்லருக்குள்ள ஆரி ஒர்க் எல்லாம் இந்த வகை.

4. பார்ட்னர்ஷிப். இடத்தை மட்டும் இல்லை, லாப நஷ்டத்தையும் பங்கு போடறது. இது இடப் பகிர்வே இல்லை, வேற விஷயம். ஆனா கவனமில்லாம இருந்தா ஒண்ணு ரெண்டு வகை தானா இதுல போய் விழும். அதை கீழ சொல்றேன்.

ஒரு குழப்பத்தை இப்பவே தீர்த்துக்கலாம். நம்ம ஊர்ல "லீஸ்"னா மொத்தமா லட்சக்கணக்குல கொடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருக்கறது, அதாவது போக்கியம். சட்டத்துல லீஸ்னா குத்தகை. மாச வாடகைக்கு விடறதும் அதுல அடங்கும். பத்திரத்துல "லீஸ்"னு பார்த்து பயப்படாதீங்க, உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

வாடகையா, அனுமதியா? பேரை வெச்சு முடிவு பண்ண முடியாது

இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

வாடகைன்னா அந்த இடத்துல உங்களுக்கு ஒரு உரிமை பிறக்குது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தோட 105ஆவது பிரிவு இதைச் சொல்லுது. கட்டடம் வேற ஆளுக்கு வித்துப்போனாலும் உங்க வாடகைக் காலம் சாதாரணமா தொடரும், புது ஓனருக்கு வாடகை கட்டுவீங்க.

அனுமதின்னா இடத்துல உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அங்க இருந்து தொழில் பண்றது தப்பில்லைன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார், அவ்வளவுதான். அதே 1882ல வந்த வசதியுரிமைச் சட்டத்தோட 52ஆவது பிரிவு இது. இடம் வித்துப்போச்சுன்னா, வாங்கினவரை உங்க அனுமதி கட்டுப்படுத்தாது. சாதாரணமா அதை இன்னொருத்தருக்கு மாத்தியும் விட முடியாது.

சரி, பத்திரத்துல மேல "லைசென்ஸ் ஒப்பந்தம்"னு தலைப்பு போட்டா அது லைசென்ஸ் ஆயிடுமா? ஆகாது. இதுக்கு ரெண்டு பழைய உச்ச நீதிமன்ற வழக்கு இருக்கு. ரெண்டுமே நம்ம "பாதி கடை" கதைதான்.

முதல் வழக்கு டெல்லி இம்பீரியல் ஹோட்டல். ஹோட்டலுக்குள்ள இருந்த ரெண்டு அறையை ஒரு சிகையலங்காரத் தொழில் பண்றவருக்கு விட்டாங்க. 1949ல போட்ட பத்திரத்துல "லைசென்ஸ்"னுதான் எழுதியிருந்தது. பிரச்சினை வந்தப்போ ஹோட்டல் தரப்பு, "அவர் வாடகைதாரரே இல்லை"ன்னு சொன்னாங்க. 1959ல உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்புல அதை வாடகைன்னே எடுத்துக்கிச்சு. பத்திரத்தோட பேர் முக்கியம் இல்லை, உள்ளடக்கம்தான் முக்கியம். அந்த இடம் அவரோட தனி அனுபவத்துல இருந்ததான்றதுதான் பெரிய கேள்வி. அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் கபூர்னு இந்த வழக்கை வக்கீல்கள் இன்னைக்கும் மேற்கோள் காட்டுவாங்க.

ரெண்டாவது வழக்கு நம்ம சென்னை, ஜாம்பஜார் மார்க்கெட். அது ஒரு தனியார் சந்தை, அதுல இறைச்சிக் கடை வெச்சிருந்தவங்க சம்பந்தப்பட்டது. பேச்சுல, பேப்பர்ல எல்லாம் "வாடகை"ன்னுதான் இருந்தது. ஆனா 1964ல உச்ச நீதிமன்றம், "இவங்க அனுமதி பெற்றவங்கதான், வாடகைதாரர் இல்லை"ன்னு சொல்லிடுச்சு. ஏன்? மார்க்கெட்டைக் குறிப்பிட்ட நேரத்துல திறந்து, மூடி, பூட்டறது ஓனர் தரப்பு. சுத்தம் பண்ற பொறுப்பும் அவங்களோடது. கடைக்காரர் நினைச்ச நேரத்துக்கு உள்ளே போக முடியாது. அப்போ தனி அனுபவம் எங்க இருக்கு?

பாருங்க, ஒண்ணுல "லைசென்ஸ்"னு எழுதியிருந்தும் வாடகை ஆச்சு. இன்னொண்ணுல "வாடகை"ன்னு சொல்லியும் அனுமதி ஆச்சு. அதனால உங்க கேஸ் எந்தப் பக்கம்னு தெரியணும்னா மூணு கேள்வி கேளுங்க:

- சாவி யார்கிட்ட?
- ராத்திரி பத்து மணிக்கு நான் தனியா உள்ளே போக முடியுமா?
- என் இடம் எதுன்னு சுவரோ கோடோ போட்டு குறிச்சிருக்கா, இல்ல "இங்க எங்கயாவது உக்காந்துக்கோங்க"வா?

மூணுக்கும் பதில் உங்க பக்கம் இருந்தா அது வாடகை பக்கம் சாயும். இல்லைன்னா அனுமதி.

அனுமதின்னா மோசம்னு அர்த்தம் இல்லை. மூணு மாசம் டெஸ்ட் பண்ணிப் பார்க்கற தொழிலுக்கு அதுதான் பொருத்தம். அதுலயும் பாதுகாப்பு இருக்கு. காசு கொடுத்து வாங்கின அனுமதியை, உங்க தப்பு எதுவும் இல்லாம காலத்துக்கு முன்னாடி பறிச்சா, 64ஆவது பிரிவுப்படி நீங்க நஷ்டஈடு கேட்கலாம். அனுமதி முடிஞ்சாலும் பொருளை எடுத்துட்டுப் போக நியாயமான அவகாசம் கொடுக்கணும்னு 63ஆவது பிரிவு சொல்லுது. ஆனா ஒப்பந்தக் காலம் 11 மாசம்னு நிரூபிக்க பேப்பர் வேணுமே?

தமிழ்நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது?

பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போ இல்லை. அதுக்குப் பதிலா 2017ல இயற்றின தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில இருக்கு. நகர்ப்புறப் பகுதிகளுக்கான இந்தச் சட்டம் வீட்டுக்கு மட்டும் இல்லை, கடைக்கும் பொருந்தும். இதுல உங்களுக்கு முக்கியமானது நாலு விஷயம்.

ஒண்ணு, எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். வாடகை அதிகாரின்னா துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். ஆன்லைன்ல விண்ணப்பிச்சா ஒரு பதிவு எண் கிடைக்கும். "11 மாசத்துக்குத்தான் போட்டிருக்கோம், பதிவு வேண்டாம்"னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு. அது ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையை சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும்னு சொல்ற 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தை மனசுல வெச்சு வந்த பழக்கம். வாடகை அதிகாரிகிட்ட பதியறது வேற. 11 மாசம்னு போட்டா அதுல இருந்து தப்பிச்சதா ஆகாது.

ரெண்டு, உள்வாடகைக்கு ஓனரோட எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும். அது இல்லாம முழு இடத்தையோ ஒரு பகுதியையோ வாடகைதாரர் இன்னொருத்தர் கையில ஒப்படைச்சா, அதையே காரணமாக் காட்டி ஓனர் காலி பண்ணச் சொல்லி வழக்குப் போடலாம். கவனிங்க: உங்களை உள்ளே விட்ட காரணத்துக்காகவே உங்க அண்ணன் கடையும் போயிடும். அதனால "ஓனர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கலாம்ங்க"ன்னு நீங்க கேக்கறது அவரைச் சந்தேகப்படறது இல்லை, அவரையும் காப்பாத்தறது.

மூணு, அட்வான்ஸ். மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. ஆனா அதுலயே "வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்"னு ஒரு வார்த்தை இருக்கு. அதாவது பத்து மாச அட்வான்ஸுக்கு நீங்களே கையெழுத்து போட்டுட்டு, அப்புறம் மூணு மாசக் கணக்கைக் காட்ட முடியாது. பேரம் பேசவேண்டியது கையெழுத்துக்கு முன்னாடி. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி ஏதாவது இருந்தா கழிச்சுக்கிட்டு அட்வான்ஸைத் திருப்பித் தரணும்னும் சட்டத்துல இருக்கு.

நாலு, தண்ணி, கரண்ட்டை நிறுத்தக் கூடாது. தகராறு இருந்தாலும் அத்தியாவசிய வசதியை ஓனர் தன்னிஷ்டத்துக்கு வெட்ட முடியாது, வாடகை அதிகாரிகிட்ட முறையிடலாம்.

இந்த நாலும் யாருக்கு? காகிதத்துல பேர் இருக்கறவங்களுக்கு. என் அண்ணன் பேர் எந்தக் காகிதத்துலயும் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, நீங்க சேலத்துல வேலை பார்க்கறீங்க, கைக்கு வர்ற சம்பளம் 30,000. நாமக்கல் பரமத்தி ரோட்டுல ஒரு கடை, வாடகை 18,000. அதுல ஒரு பகுதியை 7,000 வாடகைக்கு எடுத்து தங்கச்சியை வெச்சு டெய்லரிங், ஃபேன்சி கவுண்டர் போடறீங்க.

- அட்வான்ஸ்: 60,000
- ரேக், லைட், போர்டு, தடுப்பு: 90,000
- மெஷின், சரக்கு: 1,20,000

மொத்தம் 2,70,000. மெஷினையும் சரக்கையும் வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போகலாம். ஆனா முதல் ரெண்டு வரி, 1,50,000 ரூபாய், அந்த இடத்தோட ஒட்டிக்கிட்ட பணம். ஒரு நாள்ல வெளியே போகச் சொன்னா அது போச்சு. உங்க அஞ்சு மாசச் சம்பளம்!

இந்த 1,50,000ஐ பாதுகாக்க என்ன செலவு? முப்பது வருஷத்துக்குக் குறைவான குத்தகைக்கு தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 1%. 11 மாச வாடகை 77,000க்கு 770 ரூபாய். அட்வான்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டாக்கூட 1,370தான். சார்பதிவாளர்கிட்ட பதிஞ்சா பதிவுக் கட்டணம் இன்னொரு 1%. அதுக்கு மேல வக்கீல் ஃபீஸ். தீபாவளிக்கு எடுக்கற துணியை விட கம்மி. இதை மிச்சம் பிடிக்கறது சிக்கனம் இல்லைங்க.

ஒப்பந்தத்துல கண்டிப்பா இருக்க வேண்டியவை

வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி இந்தப் பட்டியலை நீங்களும் கடைக்கார அண்ணனும் உக்காந்து பேசி முடிச்சிருங்க. பேசி முடிக்காததை வக்கீலால எழுத முடியாது.

1. இடம். சதுர அடி, எந்தப் பக்கம், எங்க இருந்து எங்க வரைக்கும். ஒரு வரைபடம் போட்டு மூணு பேரும் கையெழுத்து போடுங்க. கழிப்பறை, தண்ணித் தொட்டி, வண்டி நிறுத்தற இடம், வாசல்படி இதெல்லாம் பொதுன்னு தனியா எழுதுங்க. பாதிச் சண்டை வாசல்லதான் ஆரம்பிக்கும்.

2. மூல ஒப்பந்தம். கடைக்காரர் ஓனரோட போட்ட ஒப்பந்தத்தோட நகலை வாங்கி இணைச்சுக்கோங்க. அது எப்போ முடியுதுன்னு பாருங்க. அவருக்கே ஆறு மாசம்தான் பாக்கி இருக்குன்னா, உங்களுக்கு மூணு வருஷம் எப்படித் தருவார்? தன்கிட்ட இல்லாததை யாரும் கொடுக்க முடியாது.

3. ஓனர் சம்மதம். ஓனரையும் மூணாவது தரப்பா கையெழுத்து போட வைக்கறது நல்லது. அவர் ஊர்ல இல்லைன்னா தனிச் சம்மதக் கடிதம். அதுல ஒரு வரி சேருங்க: "மூல வாடகைதாரர் வாடகை பாக்கி வைத்தால், காலி செய்யச் சொல்வதற்கு முன் உள்வாடகைதாரருக்கும் 30 நாள் முன்னறிவிப்பு தருவேன், அவர் விரும்பினால் வாடகையை நேரடியாகப் பெற்றுக்கொள்வேன்." இந்த ஒரே வரி இருந்திருந்தா என் அண்ணன் தப்பிச்சிருப்பார்.

4. வாடகை, உயர்வு. எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும். வங்கிக் கணக்குல, இல்லைன்னா யுபிஐ-ல மட்டும் கட்டுங்க. குறிப்புல "ஜூன் மாதக் கடை வாடகை"ன்னு போடுங்க. அது ஒரு சாட்சி.

5. அட்வான்ஸ். யார் வாங்கினாங்க, எப்போ திருப்பித் தருவாங்க, எதுக்கெல்லாம் கழிக்கலாம். முடிஞ்சா அட்வான்ஸைக் குறைச்சு வாடகையை ஐநூறு ரூபாய் கூட்டிக்கோங்க. மாசம் ஐநூறு போறது தாங்கும், மொத்தமா அறுபதாயிரம் போறது தாங்காது.

6. ஈபி பில். ஒரே மீட்டர்னா உங்க பகுதிக்கு ஒரு சப் மீட்டர் போட்டு, யூனிட் கணக்குல பிரிச்சுக்கோங்க. "சும்மா பாதிப் பாதி"ன்னா, பக்கத்துல ஏசி ஓடுற கடைக்கு நீங்க கரண்ட் பில் கட்டுவீங்க.

7. நேரம், சாவி. எத்தனை மணிக்குத் திறப்பாங்க, ஞாயித்துக்கிழமை உண்டா, பண்டிகைக்கு ராத்திரி வேலை பார்க்கலாமா.

8. என்ன தொழில். ரெண்டு பேரும் என்ன விக்கலாம், என்ன விக்கக் கூடாது. உங்க ஃபேன்சி கவுண்டர் நல்லா ஓடறதைப் பார்த்துட்டு அவரும் அதையே ஆரம்பிச்சா? முன்னாடியே எழுதிக்கோங்க.

9. செஞ்ச செலவு. நீங்க போட்ட ரேக், லைட், ஏசி யாருக்குச் சொந்தம்? கழட்டி எடுத்துட்டுப் போகலாமா? ஆறு மாசத்துக்குள்ள அவங்க காரணத்தால காலி பண்ணினா செலவுல எவ்வளவு திருப்பித் தருவாங்க?

10. விலகுதல். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முன்னறிவிப்புக் காலம். அவருக்கு ஒரு மாசம், உங்களுக்கு மூணு மாசம்னு இருந்தா மாத்தச் சொல்லுங்க.

11. இன்சூரன்ஸ். அவர் பாலிசி அவர் சரக்குக்குத்தான். தீ விபத்து ஆனா உங்க மெஷினுக்கும் சரக்குக்கும் அதுல எதுவும் கிடைக்காது. தனி பாலிசி எடுங்க. ரிப்பேருக்கோ தைக்கவோ வாங்கி வெச்ச அடுத்தவங்க பொருளுக்கும் பாதுகாப்பு இருக்கான்னு கேட்டு எடுங்க.

போர்டுல பேர் போடும்போது ஜாக்கிரதை

பார்ட்னர்ஷிப் தானா வந்து ஒட்டிக்கும்னு சொன்னேன்ல? 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தோட 28ஆவது பிரிவு இது. நீங்க பார்ட்னரே இல்லை. ஆனா பார்ட்னர்னு மத்தவங்க நம்பற மாதிரி காட்டிக்கிட்டீங்க, இல்லைன்னா தெரிஞ்சே அப்படிக் காட்ட விட்டீங்க. அதை நம்பி ஒருத்தர் கடன் கொடுத்தா, அந்தக் கடனுக்கு நீங்களும் பொறுப்பு.

ஒரே போர்டுல ரெண்டு பேர், ஒரே பில் புக், ஒரே க்யூஆர் கோடு, விசிட்டிங் கார்டுல ரெண்டு பேர் போன் நம்பர். சரக்கு போடற மொத்த வியாபாரி செவ்வாய்பேட்டையில இருந்து வந்து பார்த்தா என்ன நினைப்பார்? அதனால தனி போர்டு, தனி பில், தனி வங்கிக் கணக்கு. ஒப்பந்தத்துலயும் "இது கூட்டாண்மை அல்ல, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி. அந்த வரி மட்டும் போதாது, நடைமுறையும் அப்படியே இருக்கணும். இம்பீரியல் ஹோட்டல் வழக்கு ஞாபகம் இருக்கட்டும், பேர் வேற, நடப்பு வேற.

வரி பக்கம் சுருக்கமா

கடை வாடகைக்கு ஜிஎஸ்டி 18%. ஓனரோ உள்வாடகை விடறவரோ ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர், ஆனா நீங்க பதிவு பண்ணினவர்னா, 2024 அக்டோபர் 10 முதல் அந்த 18%ஐ நீங்களே அரசுக்குக் கட்டணும். 7,000 வாடகைக்கு 1,260. சாதாரண முறையில இருக்கறவங்க இதை உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம். காம்போசிஷன் முறையில இருக்கறவங்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இந்தப் பொறுப்பு இல்லை. நீங்க பதிவே பண்ணலைன்னா இந்தக் கவலை இல்லை.

ஜிஎஸ்டி பதிவுக்கும் வங்கி நடப்புக் கணக்குக்கும் முகவரிச் சான்று கேப்பாங்க. அப்போ இந்த ஒப்பந்தமும் ஓனர் சம்மதக் கடிதமும்தான் கைகொடுக்கும். உணவுத் தொழில்னா உணவுப் பாதுகாப்புப் பதிவு உங்க பேர்ல தனியா வேணும், பக்கத்துக் கடைக்காரரோடதைக் காட்ட முடியாது. மாநகராட்சி, நகராட்சி தொழில் உரிமத்தையும் விசாரிச்சுக்கோங்க.

சம்பளம் வாங்கறவங்களுக்கு மட்டும் ரெண்டு எச்சரிக்கை

முதல் எச்சரிக்கை, உங்க வேலை. அரசு ஊழியர்னா முன் அனுமதி இல்லாம வியாபாரம் பண்ண நடத்தை விதிகள் இடம் கொடுக்காது. மத்திய அரசுக்கு 1964ஆம் ஆண்டு விதிகள், மாநில அரசுக்கு 1973ஆம் ஆண்டு விதிகள். தனியார் கம்பெனின்னா ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க, வேற தொழில் கூடாதுன்னு ஒரு பத்தி இருக்கலாம். கடை ஒப்பந்தத்துல உங்க பேர் இருந்தா அது நீங்க தொழில் பண்றதுக்கான சாட்சி. தங்கச்சி நடத்தற கடைன்னா ஒப்பந்தம், கணக்கு, பதிவு எல்லாம் நிஜமாவே தங்கச்சி பேர்லயே இருக்கட்டும்.

ரெண்டாவது எச்சரிக்கை, ஜாமீன் கையெழுத்து. கூட்டாளிக்கு சம்பள ஸ்லிப் இல்லை, உங்களுக்கு இருக்கு. அதனால "சும்மா ஒரு கையெழுத்துதாங்க"ன்னு ஒப்பந்தத்துல உங்களை ஜாமீன்தாரரா போடுவாங்க. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தோட 128ஆவது பிரிவுப்படி, ஜாமீன்தாரர் பொறுப்பும் கடனாளி பொறுப்பும் சமம். அவரைக் கேட்டுட்டுத்தான் உங்களைக் கேக்கணும்னு கட்டாயம் இல்லை. அதே மாதிரி, ஒரே ஒப்பந்தத்துல "கூட்டாகவும் தனித்தனியாகவும்"னு இருந்தா, உங்க 7,000 மட்டும் இல்லை, முழு 18,000க்கும் நீங்க பொறுப்பு. மாசச் சம்பளம் வர்ற ஆளைத்தான் முதல்ல தேடி வருவாங்க. கையெழுத்து போட்டே ஆகணும்னா, அதிகபட்சம் எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரைக்கும்னு ஒரு எல்லை எழுதுங்க.

இந்த வாரம் என்ன பண்ணலாம்?

ஏற்கனவே பாதி கடையில இருக்கீங்களா? பயப்படாதீங்க, சண்டையும் வேண்டாம். இந்த மாச வாடகையில இருந்து யுபிஐ-க்கு மாறுங்க. கடைக்காரர்கிட்ட அட்வான்ஸுக்கு ஒரு ரசீது கேளுங்க. ஓனரை ஒரு தடவை நேர்ல பார்த்து வணக்கம் சொல்லுங்க. நீங்க யாருன்னு அவருக்குத் தெரியட்டும். அப்புறம் மெதுவா, "உங்களுக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு"ன்னு ஒப்பந்தப் பேச்சை எடுங்க.

இனிமேதான் எடுக்கப் போறீங்களா? மூல ஒப்பந்த நகல், ஓனர் சம்மதம், அட்வான்ஸ் ரசீது. இந்த மூணும் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீங்க, ஒரு ஆணி அடிக்காதீங்க. ஓனர் பேர்லதான் கட்டடம் இருக்கான்னு வில்லங்கச் சான்றிதழும் ஒண்ணு போட்டுப் பாருங்க. பத்திரம் எழுதும்போது உங்க ஊர் வக்கீல் ஒருத்தர் கண்ணுல காட்டிருங்க. இந்தக் கட்டுரை அவருக்கு மாற்று இல்லை. அவர்கிட்ட சரியான கேள்வி கேக்கறதுக்கான தயாரிப்பு.

"நமக்குள்ள எதுக்குங்க பேப்பர்?"னு அவர் கேட்டா என்ன சொல்றது? என் அண்ணன் இப்போ சொல்ற பதிலையே சொல்லுங்க. அவர் ராசிபுரத்துலயே வேற இடத்துல, ஓனர்கிட்டயே நேரா எடுத்து கடை வெச்சிருக்கார். போன மாசம் அவர் கடையில ஒரு மூலையை இன்னொரு தம்பிக்கு கவுண்டர் போடக் கொடுத்தார். அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி அந்தத் தம்பியை ஓனர்கிட்ட கூட்டிட்டுப் போய், சம்மதக் கடிதத்துல கையெழுத்து வாங்கிக் கொடுத்துட்டுத்தான் கடைக்குள்ள விட்டார். அந்தத் தம்பி கூச்சப்பட்டு, "எதுக்குங்கண்ணா இதெல்லாம்"னு கேட்டிருக்கான்.

"நாளைக்கு நாம ரெண்டு பேரும் இதே மாதிரி சிரிச்சுப் பேசணும்ல, அதுக்குத்தான் தம்பி"ன்னு சொல்லியிருக்கார்.

அடுத்த வீடியோவுல, கடை அட்வான்ஸுக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா, கூடாதான்னு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்க ஒப்பந்தத்துல புரியாத வரி ஏதாவது இருந்தா பேர், முகவரி இல்லாம எழுதி அனுப்புங்க, பேசுவோம்.